சலாபத்து வாடி: சில கிழமைக்கு எழும்பி அழிந்த ஊர்

போன கிழமை வகுப்பில் முத்துக்குளிப்பைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஒரு காலத்தில் இருபது, முப்பதாயிரம் பேர் வந்து கூடினார்கள் என்று சொன்னதும் பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "சேர், அவ்வளவு சனம் இருந்தா அவங்கட வீடுகளெல்லாம் இப்ப எங்க?"

நல்ல கேள்வி. அரிப்பில் ஒல்லாந்தர் காலக் கோட்டை இருக்கிறது. பக்கத்தில் கடல் அரித்துப் பாதி விழுந்த நிலையில் அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்லும் கட்டடம் நிற்கிறது. ஆனால் அந்தப் பல்லாயிரம் பேர் படுத்த இடம், சமைத்த இடம், தொழுத இடம், சண்டை பிடித்த இடம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் இருந்தது வீட்டில் அல்ல, வாடியில்.

இந்தப் பதிவு அந்த வாடிகளைப் பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வாடி என்றால் மன்னாரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம். மீன்பாடு உள்ள பருவத்துக்குக் கடற்கரையில் போடும் கொட்டில்தான் வாடி. காட்டுக் கம்பு வெட்டி நாலு கப்பு நட்டு, மேலே வளை வைத்து, வரிச்சுக் கட்டி, கிடுகோ பனையோலையோ வேய்ந்தால் வேலை முடிந்தது. தரை கடல் மணல்தான். உள்ளே வலையும் கயிறும் உப்பும் அரிசிச் சாக்கும் இருக்கும். வெளியே கருவாடு காயும். சம்மாட்டியும் அவரிடம் தொழிலுக்கு வந்தவர்களும் பருவம் முடியும் மட்டும் அதற்குள்தான். காற்று மாறியதும் கிடுகைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து அதே குழியில் கப்பு நடுவார்கள்.

அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வருவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

ஏன் பருவத்துக்குப் பருவம் இடம் மாறவேண்டும்? காற்றுத்தான் காரணம். மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பேசாலை, தலைமன்னார் வடகரையில் அலை எழும்பும். சோழகம் வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் போவதுதான் கடற்தொழிலாளியின் வாழ்க்கை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்கு வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு வந்து வாடி போடுவதும் பழைய வழக்கம். கற்பிட்டிக்கு அப்பால் பத்தலங்குண்டுத் தீவில் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், வரிசை வரிசையாக வாடிகள்.

இந்த இரண்டு காற்றுக்கும் இடையில் ஒரு சிறு அமைதி உண்டு. பெப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் வளைகுடாக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும், அடியும் தெளிவாகத் தெரியும். உலகம் அறிந்த மன்னார் முத்துக்குளிப்பு நடந்தது அந்தச் சில கிழமைகளில்தான். அதைத்தான் பழைய ஆட்கள் 'சலாபம்' என்பார்கள். சலாபத்துறை என்பதுதான் சிலாவத்துறை ஆனது என்றும் சொல்வார்கள். பக்கத்து ஊரின் பெயரையும் பாருங்கள்: முத்தரிப்புத்துறை. முத்தை அரித்தெடுத்த துறை. கட்டடம் மிஞ்சாத இடத்தில் பெயர் மிஞ்சியிருக்கிறது.

இந்தத் தொழில் எவ்வளவு பழையது? 1344ஆம் ஆண்டு இலங்கை வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னரின் கடலில் எடுத்த முத்துக்கள் முன்னால் குவிந்திருக்க, அவருடைய ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். பிறகு 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் பிரித்தானியர். கொடி மாறியதே தவிர எல்லோருக்கும் கண் ஒன்றில்தான் இருந்தது.

கரையிலிருந்து சில மைல் தூரத்தில் கடலுக்கடியில் 'பார்'கள் இருக்கின்றன. பெரிய பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கல்லும் மணலும் கலந்த அந்தத் திட்டுகளில்தான் சிப்பி படியும். பத்துப் பன்னிரண்டு மீற்றரில் இருந்து அதற்கு மேலும் ஆழம். சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அரசாங்கம் முதலில் மாதிரி எடுத்துப் பார்க்கும். நல்லதென்று தெரிந்தால் மட்டும் அந்த வருடம் சலாபம் என்று அறிவிக்கும். அறிவித்ததும் கீழக்கரையில் இருந்து நம்மவர்கள், தூத்துக்குடியில் இருந்து பரதவர், பாரசீக வளைகுடாவில் இருந்து அரபிகள் என்று குளியாளிகள் வள்ளங்களில் வருவார்கள். செட்டிமாரும் பம்பாய் வியாபாரிகளும் சாமான் கடைக்காரரும் சமையற்காரரும் பின்னாலேயே வருவார்கள்.

நேற்று வரை நரி ஓடிய வெறுங்கரை. சில நாளில் அங்கே ஒரு நகரம். தெருக்கள் அளந்து விடப்படும். கிடுகும் கம்பும் கொண்டு கடைவீதி, கச்சேரி, நீதிமன்றம், மறியற்சாலை, ஆஸ்பத்திரி, தபால் தந்திக் கந்தோர் எல்லாம் எழும்பும். பிரித்தானியர் காலத் தொடக்கத்தில் இது சிலாவத்துறை, கொண்டச்சிக் கரையில் நடந்தது. 1900க்குப் பிந்திய பெரிய குளிப்புகளில் மரிச்சுக்கட்டிக்கு வந்துவிட்டது. மன்னார் நகரத்தில் வருடம் முழுக்க இருந்த சனத்தைவிடப் பல மடங்கு சனம் அந்த ஓலை நகரத்தில் இருந்தது.

அதன் ஒரு நாளைக் கேளுங்கள்.

நடு இரவு தாண்டியதும் தரைக்காற்று எழும்பும். வள்ளங்கள் பாய் விரிக்கும். விடியும்போது பாருக்கு மேல் நிற்கும். குளியாளி ஒரு கனமான கல்லில் காலை வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பிலோ கழுத்திலோ ஒரு வலைப்பை. நம் பக்கத்தவர் மூக்கை விரலால் பிடிப்பார்கள், அரபிகள் கொம்பில் செய்த கவ்வி மாட்டுவார்கள். அடியில் ஒரு நிமிடம் முன்பின். அதற்குள் கைக்கு அகப்பட்டதை எல்லாம் பையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே உள்ளவர் இழுப்பார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர்தான் அவருடைய உயிரைப் பிடித்திருப்பவர். யாரை வேண்டுமானாலும் அதற்கு வைத்துக்கொள்ள முடியாது.

சுறாவைக் கட்ட 'கடற்கட்டி' என்ற ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் இல்லாமல் பல குளியாளிகள் தண்ணீரில் காலே வைக்கமாட்டார்கள். இதை நம்பாத வெள்ளைக்கார அரசாங்கமும் அவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தே வைத்திருந்தது. தொழில் நடக்கவேண்டுமே!

மதியத்துக்குப் பிறகு கடற்காற்றில் வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். சிப்பி முழுவதும் 'கொட்டு' என்ற பெரிய அடைப்புக்குள் போகவேண்டும். அங்கே ஒவ்வொரு வள்ளத்தின் சிப்பியையும் மூன்று கும்பியாகப் பிரிப்பார்கள். இரண்டு கும்பி அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் கும்பி யாருக்கு என்பதை அரசின் ஆள் சொல்வார். பின்னேரம் அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். குளியாளி தன் பங்கை வாசலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விற்பார். ஏழைச் சனமும் நாலைந்து சிப்பி வாங்கி அதிர்ஷ்டம் பார்க்கும். லொத்தர் சீட்டு மாதிரித்தான்.

வாங்கிய சிப்பியை வாடிக்குப் பக்கத்தில் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகிக் கரைந்த பிறகு தண்ணீரில் கழுவி அரித்தால் அடியில் முத்துத் தங்கும். அந்த நாற்றத்தையும் ஈயையும் பற்றி எழுதாத ஆளில்லை. இத்தனை சனம், இத்தனை அழுகல், குடிதண்ணீர் தட்டுப்பாடு. வாந்திபேதி வராமல் இருக்குமா? சில பருவங்களில் கொலரா வந்து குளிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. செத்தவர்களை அந்த மணலிலேயே அடக்கிவிட்டு மற்றவர்கள் வள்ளம் ஏறினார்கள். அந்த அடக்கத்தலங்களுக்கும் இன்று அடையாளம் இல்லை.

1905ஆம் ஆண்டுக் குளிப்புத்தான் பதிவான பெரிய குளிப்பு. ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி. அரசுக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். அந்தக் காலத்து ரூபா!

அடுத்த வருடம், 1906இல், யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்த லெனார்ட் வூல்ப் என்ற இளம் அதிகாரியை மரிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்பின் கணவரானவர் அவர். கொட்டில் நின்று சிப்பி எண்ணிய நாட்களை 1961இல் வெளிவந்த தன் வாழ்க்கை நினைவுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். இதையெல்லாம் காணாமலே பாரிசில் இருந்த பிசே 1863இல் இலங்கை முத்துக்குளிப்பாளர்கள் மேல் ஓர் இசைநாடகமே போட்டுவிட்டார். மரிச்சுக்கட்டியின் நாற்றம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு இனிமையாக இசையமைத்திருப்பாரோ என்னவோ.

எல்லா வருடமும் இப்படி இருந்ததில்லை. 1838 முதல் 1854 வரை குளிப்பே இல்லை. 1892 முதல் 1902 வரையும் இல்லை. சிப்பி ஏன் வருகிறது, ஏன் மறைகிறது என்று கண்டுபிடிக்க ஹேர்ட்மன், ஹோர்னல் என்ற இரு விஞ்ஞானிகளை 1902இல் கொண்டுவந்தார்கள். நல்ல அறிக்கை எழுதினார்கள். பிறகு 1906இல் அரசு ஒரு கம்பனிக்கு வருடம் 3,10,000 ரூபாவுக்கு 20 வருடக் குத்தகையாகப் பாரை எழுதிக் கொடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி சில வருடங்களில் மூடப்பட்டது. 1925இல் மறுபடி ஒரு குளிப்பு. அதோடு பெரிய சலாபங்கள் முடிந்தன. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு நிமிடம் மூச்சடக்கி எடுத்ததை அவர்கள் கூடையில் வளர்த்தெடுத்தார்கள். விலை விழுந்தது.

இந்தக் கதையில் மிஞ்சியவை எவை என்று பாருங்கள். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், குளிப்பைப் பார்க்க வரும்போது தங்குவதற்கு 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதுதான் நம் அல்லிராணிக் கோட்டை. கிரேக்கத் தூண்கள், சிப்பி சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்து. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வாடிதான்! வருடத்தில் சில கிழமை தங்கப் போட்டது. ஆனால் கல்லால் கட்டியதால் அது வரலாறு ஆனது, பாதுகாக்கவேண்டிய சின்னமும் ஆனது. கிடுகால் வேய்ந்தவர்களின் வாடி குப்பையோடு போனது. இரண்டுக்கும் பொதுவாகக் கரையில் கிடப்பது சிப்பி ஓடு ஒன்றுதான்.

வேறு நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? ஸ்கொட்லாந்தில் சமன் மீன் பிடிப்பவர்கள் பருவத்துக்குத் தங்கும் குடில்கள் உண்டு. அங்கே 'பொத்தி' என்பார்கள். குளிர்நாடு என்பதால் கல்லிலும் கட்டினார்கள். பெப்ரவரியில் வந்து வலை போட்டு, கோடை கழிய வீட்டுக்குப் போவார்கள். ஸ்பே ஆறு கடலில் விழும் இடத்தில் டக்நெட் என்ற சமன் நிலையம் இருந்தது. மீன் பழுதாகாமல் இருக்க 1830இல் அங்கே கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு இன்றும் நிற்கிறது. நிலையம் மூடிய பிறகு அந்த இடத்தை டொல்பின் பார்க்கும் மையமாக்கிப் பாதுகாக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். தங்கியவர்கள் பிரபுக்கள் அல்ல. கூலிக்கு வலை இழுத்தவர்கள்தான்.

நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஓலை நிற்காது என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை.

எங்கள் தலைமுறையில் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் ஓலைக் கொட்டிலில்தான். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரும், ஏறத்தாழ 75,000 பேர், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். தீவில் இருந்தவர்கள் பலர் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிப் பக்கத்துச் சனம் காட்டு வழியாகப் புத்தளம் போனது. அங்கே தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். 'தற்காலிகம்' என்றார்கள். உம்மும்மா அதை முகாம் என்று சொல்லவே மாட்டா. "இது வாடி. காத்து மாறினதும் போயிருவம்" என்பா. காற்று மாற இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. கிடுகு எத்தனை தரம் மாற்றினோம் என்று கணக்கில்லை. உம்மும்மா அந்த மண்ணிலேயே அடங்கிவிட்டா.

2009க்குப் பிறகு ஊருக்கு வந்தால் வளவு எல்லாம் காடு. கிணற்றடியைத் தேடி ஊரின் எல்லையைக் கண்டுபிடித்தோம். சில வருடம் கழித்து ஒரு காணி விசாரணைக்கு எங்கள் வீட்டு ஆட்களோடு போயிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேட்ட கேள்வி இது: "நீங்கள் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களா, இல்லை, தொழிலுக்கு வந்து போனவர்களா?"

உம்மும்மாவின் வாப்பா சலாபத்துக்குக் கம்பு வெட்டி வண்டியில் ஏற்றியவர் என்று அவ சொல்லக் கேட்டிருக்கிறோம். பல்லாயிரம் பேருக்கு வாடி போடக் கம்பு யார் கொடுத்தது? குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் இருந்து போனது? விறகு, ஆட்டிறைச்சி, பால் எங்கிருந்து வந்தது? வருடம் முழுக்க அங்கே ஊர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. ஆனால் அறிக்கைகளில் சிப்பிக் கணக்குத்தான் இருக்கிறது, கம்பு வெட்டியவரின் பெயர் இல்லை. அன்று விசாரணையில் காட்ட எங்களிடம் ஒரு பழைய உறுதியும் ஒரு பள்ளிவாசல் பதிவும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் வாய்ச்சொல்.

அந்தக் கேள்வியில் இன்னொரு பிழையும் இருக்கிறது. வந்து போனவர்களுக்கு உரிமையே இல்லையா? கரைவலைக்காரருக்குப் 'பாடு' என்று ஒன்று உண்டு. இந்தக் கல்லில் இருந்து அந்த மரம் மட்டும் இன்னாருடைய பாடு. அவர் ஆறு மாதம் இல்லாவிட்டாலும் வேறொருவர் அங்கே வலை வளைக்கமாட்டார். திரும்பி வந்தால் இடம் அவருக்குத்தான். வாடிக்காரர் அடுத்த வருடமும் அதே குழியில் கப்பு நடுவார் என்று மேலே சொன்னோமே, அது இதுதான். திரும்பி வருவதும் ஒரு வகைக் குடியிருப்பு என்று கடற்கரைச் சனம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. கடதாசிதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லும்போது நமக்கும் ஒரு பொறுப்பு வருகிறது. இன்று நம் கரைக்கு வந்து வாடி போடும் நீர்கொழும்பு ஆட்களையும் சிலாபத்து ஆட்களையும் "வெளியாள்" என்று நாமே பேசுகிறோம். வலை, இடம் தொடர்பான பிரச்சினைகள் உண்மையானவை. அவற்றைப் பேசித் தீர்க்கவேண்டும். ஆனால் அவர்களிலும் பலரின் பாட்டன் பூட்டன் இதே மணலில் படுத்தவர்கள்தான். நம்மிடம் கேட்ட கேள்வியை நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்பது அழகல்ல.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வீடெல்லாம் எங்கே? அடுத்த பாடத்தில் பதில் சொல்வதற்குப் பதிலாக வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உள்ள மூத்த ஒருவரிடம் மூன்று விடயம் கேட்டு எழுதிவரவேண்டும். உங்கள் கரையில் வாடி எங்கே போட்டார்கள்? யார் வந்தார்கள்? கம்பும் தண்ணீரும் எங்கிருந்து எடுத்தார்கள்? முதல் நாளே பதினொரு பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். பேசாலைப் பக்கம் உறவுள்ள ஒரு பிள்ளை கையால் படமே கீறிவந்தது: நாலு வாடி, ஒரு கிணறு, ஒரு பூவரசு. கிணறு இன்னும் இருக்கிறதாம்.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள். தொலைபேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். பழைய உறுதி, கரைவலை அனுமதிப் பத்திரம், வாடிக்கு முன்னால் நின்று எடுத்த படம் எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். முஸ்லிம், கத்தோலிக்கர், இந்து, சிங்களவர் என்று பாராமல் எல்லோரிடமும் கேளுங்கள். வாடிகள் அடுத்தடுத்துத்தான் இருந்தன.

பிள்ளைகளின் எழுத்துகளை ஒரு கொப்பியில் சேர்த்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கப்போகிறோம். கரையோரக் கிணறுகளைக் குறித்து ஒரு வரைபடமும் கீறவேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சோழகம் தொடங்குவதற்கு முன் மரிச்சுக்கட்டிக் கரைக்கு ஒரு நாள் கூட்டிப்போக எண்ணம், இன்ஷா அல்லாஹ். வழி தெரிந்த பெரியவர் யாராவது கூட வந்தால் நல்லது.